நான் போட்ட முடிச்சுகள்

காலை ஆறரை மணிக்கு அண்ணன் மகள் போன் செய்தாள். அந்த நேரத்தில் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "சித்தப்பா, உங்க கணக்கிலிருந்து ஏதோ முதலீட்டு விளம்பரம் வந்துகிட்டே இருக்கு. நீங்களா போட்டீங்க?" என்றாள். என் சமூக வலைத்தளப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து பதிவுகள். என் பெயர், என் படம், கீழே நான் கேள்விப்பட்டே இராத ஒரு கிரிப்டோ திட்டம். போட்ட பணம் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகும் என்று நான் சத்தியம் செய்வதுபோல் எழுதியிருந்தது.

ஐந்தையும் அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். சரி, முடிந்தது என்று குளிக்கப் போய்விட்டு வந்தால் ஆறாவது பதிவு உட்கார்ந்திருக்கிறது. மறுபடி பாஸ்வேர்டு. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறினேன். இருபடிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியும் கேட்கும் வசதி, ஏற்கெனவே இருந்தது, அதையும் அணைத்துப் புதிதாகப் போட்டேன். மதியத்துக்குள் ஏழாவது வந்துவிட்டது. கை நடுங்கியது என்று எழுதினால் மிகை இல்லை. வீட்டுக்குள் யாரோ நடமாடுகிறார்கள், எந்த அறை என்றுதான் தெரியவில்லை என்பது மாதிரியான பயம்.

அதற்கு நடுவில் இன்னொரு செய்தி வந்தது. அனுப்பியவர் எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த சார். பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. "தம்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எவ்வளவு போடலாம்னு சொல்லு" என்று கேட்டிருந்தார். அழித்த பதிவுகளில் ஏதோ ஒன்றை அதற்கு முன்பே பார்த்திருக்கிறார். உடனே அவரைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் பணம் போட்டிருக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை இதை என் கணக்குக்கு வந்த தொல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை யாரோ எடுத்துச் செலவு செய்யப் பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வழியைக் கண்டுபிடித்தது அண்ணன் மகள்தான். அந்தத் தளத்தில் அப்போது ஒவ்வொரு பதிவின் கீழேயும் அது எந்த ஆப் வழியாக வந்தது என்று பொடி எழுத்தில் காட்டுவார்கள். "அந்தப் பேரைப் பாருங்க சித்தப்பா" என்றாள். பார்த்தேன். 2013-இல், பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்து நேரம் குறித்து வெளியிடுவதற்காக நான் இணைத்த ஒரு சேவை. இரண்டு மாதம் பயன்படுத்தியிருப்பேன். அப்புறம் அந்தப் பெயரே எனக்கு மறந்துபோனது. அந்தச் சேவை யார் யாரிடமோ கைமாறி, கடைசியில் இந்த விளம்பரக்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான்தான் அதை மறந்திருந்தேன். நான் கொடுத்த அனுமதி அத்தனை வருடமும் அப்படியே இருந்தது. செட்டிங்ஸில் அந்த ஒரு பெயரை நீக்கினேன். பதிவுகள் நின்றன.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் இரண்டு தளங்களை இணைக்க வேண்டுமென்றால், "உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நண்பர்கள் பட்டியலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று நேராகவே கேட்பார்கள். நாமும் கொடுத்தோம். இது ஆபத்து என்று உணர்ந்த சிலர், ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) இருந்த பிளெய்ன் குக்கும், இணைய வடிவமைப்பாளர் கிறிஸ் மெஸ்ஸினாவும் வேறு சிலரும், 2006 கடைசியில் பேச ஆரம்பித்து 2007-இல் உருவாக்கியதுதான் ஓ-ஆத் என்ற ஏற்பாடு. 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரும் ஆப்களுக்குக் கதவைச் சாத்தியது. இன்று பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தும் ஓ-ஆத் 2.0 வெளியானது 2012 அக்டோபரில்.

இந்த முறையில் பாஸ்வேர்டு ஆப்பின் கைக்குப் போவதே இல்லை. நாம் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தியதும், தளம் அந்த ஆப்புக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. டோக்கன் என்பார்கள். இவர் கணக்கில் இன்னின்னதைப் படிக்கலாம், இவர் பெயரில் இன்னின்னதை எழுதலாம் என்ற விவரமெல்லாம் அந்தச் சீட்டோடு சேர்ந்தது. நல்ல ஏற்பாடுதான், சந்தேகமே இல்லை. ஒரு ஆப்பை மட்டும் வெளியேற்ற முடிகிறது, மற்றவை தொடர்ந்து ஓடுகின்றன. ஆனால் சீட்டுக்கும் பாஸ்வேர்டுக்கும் தொடர்பு இல்லாததால், பல தளங்களில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழைய சீட்டு செல்லுபடியாகும். இருபடிச் சரிபார்ப்பும் அதைத் தடுக்காது, ஏனென்றால் சீட்டு வைத்திருப்பவர் லாகின் பக்கத்துக்கே வருவதில்லை. அன்று நான் முன்வாசல் பூட்டை மூன்று முறை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்துபோனதோ நானே திறந்துவிட்ட பக்கவாசல் வழியாக.

அந்தச் சீட்டில் இன்னொரு குணமும் உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் செல்லும். நாம் நம்பிக் கொடுத்த நிறுவனம் நல்லதாகவே இருக்கலாம், அங்கிருந்து யாராவது திருடினால் அவருக்கும் அது செல்லும். 2017 மார்ச் 15 அன்று அம்னெஸ்டி, ஃபோர்ப்ஸ், பிபிசி வட அமெரிக்கா போன்ற பெரிய கணக்குகளில் திடீரென்று ஸ்வஸ்திகா சின்னத்தோடு துருக்கிய மொழிப் பதிவுகள் வந்தன. அந்தக் கணக்குகளுக்குப் பொதுவாக இருந்தது ட்விட்டர் கவுன்டர் என்ற புள்ளிவிவர ஆப். அங்கே புகுந்தவர்களுக்குத் தனித்தனியாக யாருடைய பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் ஃபேஸ்புக்கிலேயே சீட்டுகள் திருடுபோயின. சுமார் 5 கோடிப் பேரின் சீட்டுகளையும், முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடிப் பேரின் சீட்டுகளையும் நிறுவனம் ரத்து செய்தது. அத்தனை பேரும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருந்தது. யாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம் என்றும் அப்போது சொன்னார்கள். பலருக்கு அது குழப்பமாக இருந்தது. எனக்கும்தான், என் சொந்த அனுபவம் வரும்வரை.

விளம்பரம் நின்ற அன்று மாலை முழுப் பட்டியலையும் திறந்தேன். இணைக்கப்பட்ட ஆப்கள் என்ற தலைப்பின் கீழே 41 பெயர்கள். பாதிக்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரே தட்டில் எல்லாவற்றையும் நீக்கியிருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தோன்றியது. நடையை எண்ணும் ஒரு ஆப், முதுகுவலிக்காக டாக்டர் நடக்கச் சொன்ன வருடத்தில் சேர்த்தது. படங்களை அச்சிட்டு ஆல்பமாக அனுப்பும் ஒரு தளம், அங்கே ஒரு ஆல்பம்கூட நான் வாங்கியதில்லை. ஒரு மனுவில் கையெழுத்திட்ட இடம். வேலை தேடிய நாட்களில் பதிந்த மூன்று தளங்கள். பழைய நண்பன் ஒருவன் ஆசை ஆசையாக எழுதிய புகைப்பட ஆப், அவன் அதை மூடியே பல காலம் ஆகிறது. அதை நீக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. யார் யார் என்னைப் பின்தொடர்வதை நிறுத்தினார்கள் என்று சொல்லும் ஒரு ஆப் பட்டியலில் இருந்தது. அதன் அனுமதியைத் திறந்தால்: படிக்கலாம், எழுதலாம், தனிச் செய்திகளையும் பார்க்கலாம். ட்விட்டரில் இந்த அனுமதி மூன்று படிகளில் உண்டு. படிக்க மட்டும், படிக்கவும் எழுதவும், அவற்றோடு தனிச் செய்திகளும். எண்ணிக்கை சொல்ல வேண்டிய ஒரு ஆப்புக்குத் தனிச் செய்திகள் எதற்கு? எனக்கு யாரோ அழுதுகொண்டே எழுதியவை அங்கே இருந்தன. அவர்கள் என்னை நம்பி எழுதினார்கள். நான் ஒரு சின்ன ஆர்வத்துக்காக அந்தக் கதவையும் சேர்த்துத் திறந்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எதை இணைக்கும்போதும் அந்த அனுமதித் திரையில்தான் அதிக நேரம் நிற்கிறேன். செய்யும் வேலைக்கு மேல் கேட்கிற எதையும் இணைப்பதில்லை.

'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று சொல்லும் புதிர் ஆப்கள் இரண்டும் பட்டியலில் இருந்தன. இந்த வகைக்கு உலகம் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். அலெக்சாண்டர் கோகன் என்பவர் உருவாக்கிய ஒரு குணக் கணிப்பு ஆப்பை ஃபேஸ்புக்கில் நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒருவர் கொடுத்த அனுமதியில் அவருடைய நண்பர்களின் தகவலும் சேர்ந்து போனது. அதனால், அந்தத் தகவல் போய்ச் சேர்ந்த அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரம் 2018 மார்ச்சில் வெடித்தபோது பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை 8 கோடியே 70 லட்சம் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-இல் போட்ட அபராதம் 500 கோடி டாலர். நண்பர்களின் தகவலை அள்ளும் அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. ஆனால் அந்த 2,70,000 பேரில் யாருமே தன் நண்பர்களுக்குக் கெடுதல் நினைத்து அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நானும் அந்த இடத்தில் இருந்திருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டியலிலிருந்து நீக்குவது இனிமேல் வராதே என்று சொல்வது மட்டும்தான். ஏற்கெனவே எடுத்துச் சென்றது அவர்களிடமே இருக்கும். ஆகவே நான் மதித்த சில தளங்களில், இந்தப் பக்கம் அனுமதியை நீக்குவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போய் என் கணக்கையே அழிக்கக் கேட்டேன். ஒன்பது தளங்களுக்கு எழுதினேன், நான்கு பதில் சொன்னார்கள்.

இந்த வரிசை ரொம்ப முக்கியம் என்பதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். 'இந்தக் கணக்கு வழியாக உள்ளே வருக' என்ற பொத்தான் 2008-இல் ஃபேஸ்புக் கனெக்ட் வந்த பிறகு எங்கும் பரவியது. வசதிதான், இன்னொரு பாஸ்வேர்டை நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொத்தான் வழியாகவே வருடக்கணக்கில் போய்வந்த ஒரு தளத்துக்கு நம் பெயரில் வேறு சாவியே கிடையாது. ஆர்வத்தில் நான் ஒரு இணைப்பை முதலில் வெட்டினேன், அப்புறம் உள்ளே போகப் பார்த்தால் புதிய ஆளாக வரவேற்கிறார்கள். ஏழு வருடக் குறிப்புகள் அந்தப் பழைய கணக்கில் கிடந்தன. அவர்களிடம் மன்றாடி மீட்க மூன்று வாரம் ஆனது. இப்போது செய்யும் முறை இதுதான்: முதலில் அந்தத் தளத்துக்குள் போய் என் மின்னஞ்சலைச் சரிபார்ப்பேன், தனி பாஸ்வேர்டு ஒன்று வைப்பேன், வெளியே வந்து அதை வைத்து ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பேன். அதன் பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பேன்.

ப்ரொஃபைலில் வெளியே தெரியும்படி நாம் போடும் இணைப்புகள் வேறு கதை. என் அறிமுகக் குறிப்பில் என் பழைய வலைப்பதிவின் முகவரி இருந்தது. அதன் டொமைனை நான் புதுப்பிக்காமல் விட்டு நான்கு வருடம். யாரோ வாங்கி அதில் சூதாட்டத் தளம் நடத்திக்கொண்டிருந்தார்கள். என் முகத்துக்குக் கீழே, என் கைப்பட எழுதிய இணைப்பு. எத்தனை பேர் தட்டினார்களோ. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இதற்கு ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. உங்கள் இணையதளத்திலிருந்தும் உங்கள் ப்ரொஃபைலுக்குத் திரும்பி ஒரு இணைப்பு போட்டிருந்தால் மட்டும், அந்த முகவரி உங்களுடையதுதான் என்று பச்சை நிறத்தில் காட்டும். இரண்டு பக்கமும் கை நீட்டினால்தான் அது கைகுலுக்கல். இந்த யோசனை எல்லாத் தளங்களுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எந்தத் தளத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்பதுகூட நம் கையில் முழுதாக இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் போன்றவற்றுக்கு இணைப்புக் கொடுப்பதைத் தடை செய்வதாக 2022 டிசம்பர் 18 அன்று ட்விட்டர் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் உடனே பின்வாங்கினார்கள். 2023 ஜூலையில், இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே தொடங்கும் த்ரெட்ஸ் என்ற பதிவுத் தளம் வந்தபோது, அதை அழிக்க வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் கணக்கையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. தனியாக அழிக்கலாம் என்று நவம்பரில்தான் மாற்றினார்கள். ஒன்றைத் தொடங்கும் முன் அதை எப்படி மூடுவது என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

சில முடிச்சுகளை நாம் போடவே மாட்டோம், அவை தானாக விழும். புனைபெயரில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி அங்கே எழுதினேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதவை. வேறு பெயர், வேறு மின்னஞ்சல், வேறு படம். ஆனால் சரிபார்ப்புக்காகக் கேட்டபோது அதே போன் நம்பரைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் என் அத்தை மகன் அந்தக் கணக்கைப் பின்தொடர ஆரம்பித்தான். அவன் தேடவில்லை, அவனுடைய போனில் என் நம்பர் இருந்தது, தளம் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று நீட்டியது, அவ்வளவுதான். யார் என்று தெரியாமலேயே அவன் எல்லாவற்றையும் படித்தானா, தெரிந்துதான் படித்தானா, நான் கேட்டதில்லை. அந்தக் கணக்கை மூடிவிட்டேன். ஒளித்து வைக்க வேண்டிய கணக்குக்கு நம்பரைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 'நம்பர் மூலம் என்னைக் கண்டுபிடிக்கலாம்' என்பதை முதல் வேலையாக அணைக்க வேண்டும். தொடர்புகளை ஏற்றுவதை நிறுத்தி, ஏற்கெனவே ஏற்றியதையும் அழிக்க வேண்டும். பல தளங்களில் இவை தனித்தனி இடங்களில் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் முடிச்சு, கணக்கை மீட்பதற்காகக் கொடுக்கும் மின்னஞ்சல். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேட் ஹோனனுக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அப்போது வயர்ட் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். 2012 ஆகஸ்ட்டில் சிலர் அமேசானில் கிடைத்த ஒரு தகவல் துணுக்கை வைத்து ஆப்பிள் கணக்குக்குள் போனார்கள், அங்கிருந்து ஜிமெயில், அங்கிருந்து ட்விட்டர். அவருடைய போன், ஐபேட், மடிக்கணினி மூன்றும் தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன. அவர்கள் ஆசைப்பட்டது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயருக்கு. அவர் முன்பு வேலை பார்த்த கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் ட்விட்டர் கணக்கும் அவருடையதோடு இன்னும் இணைந்தே இருந்ததால் அதுவும் போனது. பழைய வேலை, அவிழ்க்க மறந்த முடிச்சு. 2013-இல் யாஹூ ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத முகவரிகளைப் புதியவர்களுக்குக் கொடுத்தபோதும் இதே பயம்தான் எழுந்தது. உங்கள் பழைய முகவரி இன்னொருவர் கைக்குப் போனால், உங்கள் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதமும் அவருக்கே போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சாரைப் பார்க்கப் போனேன். அந்த விளம்பரத்துக்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்படியே அவர் கணக்கையும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்பை அவர் கேட்க விடவில்லை. டேப்லெட்டை நீட்டினார். ஆறு ஆப்கள், எல்லாம் விளையாட்டு, பேரன் சேர்த்தவை. ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டுக் கேட்டு அவரே நீக்கினார். அப்புறம் மீட்பு மின்னஞ்சல் பக்கத்துக்கு வந்தோம். அங்கே டீச்சரின் ஜிமெயில் முகவரி இருந்தது. சாரின் மனைவி. நான் போன நேரத்தில் அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"அதை மட்டும் விட்டுடலாமா தம்பி?" என்றார்.

விட முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் அவருடைய சொந்த முகவரியையும் நம்பரையும் சேர்த்தோம், இரண்டுக்கும் ஓடிபி வருகிறதா என்று பார்த்தோம். பிறகு, இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்க ஆரம்பித்துவிட்டது என்பதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். கேஸ் எண், டாக்டர் நம்பர் எல்லாம் எழுதிய அதே பக்கத்தில், டீச்சரின் கையெழுத்தில் பாஸ்வேர்டும் இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அவரே அடித்தார். திறந்தது. படிக்காத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர் எதையும் திறக்கவில்லை. நாள்காட்டியில் அடுத்த வருடம் இதே தேதியில் ஒரு வட்டம் போடச் சொன்னார். போட்டேன்.